கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா? இங்கேயே மாற்றுவதா, ஜேபி போவதா, வண்டியையே விட்டுவிடுவதா

சிங்கப்பூரில் மேனுவல் கார் வைத்திருக்கும் ஒருவர் "கிளட்ச் வழுக்குது" என்று வாயைத் திறந்தால் போதும், சுற்றி இருப்பவர்களிடமிருந்து மூன்று யோசனைகள் உடனே வந்துவிடும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு, அதாவது ஜேபிக்குக் கொண்டுபோய் மாற்று, இங்கே கொடுப்பதில் பாதிதான் ஆகும் என்பார் ஒருவர். கார் கம்பெனியின் ஏஜென்டிடமே விடு, தலைவலி இல்லை என்பார் இன்னொருவர். பழைய வண்டிக்கு எதற்குச் செலவு, ஸ்கிராப் பண்ணிவிடு என்பார் மூன்றாமவர். மூன்றுமே ஏதோ ஒரு காருக்குச் சரியான யோசனைதான், ஆனால் உங்கள் காருக்கு எது என்று சொல்ல இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: வழுக்குவது உண்மையிலேயே கிளட்ச் பிளேட் தேய்ந்ததால்தானா, உங்கள் சிஓஇ (காரை வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் பத்து வருட உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது. இந்த இரண்டையும் கேட்காமல் விலை சொல்லும் மெக்கானிக்கிடம் நான் என்றால் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

முதலில் நோயைச் சரியாகப் பிடிப்போம், ஏனென்றால் பாதிப் பணம் வீணாவது இங்கேதான். கிளட்ச் ஸ்லிப் என்றால் எஞ்சின் சுற்றுகிறது, அந்தச் சுற்று முழுதாக கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று காட்டுவது) விருட்டென்று ஏறும், ஸ்பீடோமீட்டர் முள் அதன் பின்னால் சோம்பலாக வரும். கியர் விழ மாட்டேன் என்கிறது, ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று சத்தம் வருகிறது என்றால் அது ஸ்லிப் இல்லை, அதற்கு நேர் எதிரான பிரச்சினை. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிந்திருக்கும், அல்லது லைனில் காற்று புகுந்திருக்கும். கியர்பாக்ஸை இறக்காமலே முடிகிற வேலை இது (சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும், அது மட்டும் விதிவிலக்கு). இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "கிளட்ச் போச்சு" என்று பொதுவாகச் சொன்னால் வொர்க்‌ஷாப்காரர் பொதுவாகவே ஒரு விலை சொல்வார்.

அதே மாதிரி எஞ்சினில் பலம் குறைந்தாலும் வண்டி இழுக்காது, ஆனால் அப்போது ஆர்பிஎம்மும் சேர்ந்தே மந்தமாக இருக்கும். முள் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால்தான் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது கணக்குச் சோதனை. ஒரு கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. ஐந்தாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் 2,400 ஆர்பிஎம் காட்டும் கார், அதே கியரில் 60-ல் 1,800 தான் காட்ட வேண்டும். மேடாக இருந்தாலும் சரி, நாலு பேர் ஏறியிருந்தாலும் சரி, கிளட்ச் பிடித்திருக்கும்வரை இந்தக் கணக்கு தப்பாது. இதை உங்கள் காருக்குச் சமதளத்தில் ஒரு தடவை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஈசிபி விரைவுச்சாலையில் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் ஏற்றத்திலோ மவுண்ட் ஃபேபர் சாலையிலோ அதே கியரில் பாருங்கள், 60-ல் இரண்டாயிரத்தைத் தாண்டிக் காட்டினால் சந்தேகமே வேண்டாம். முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து, அதனால் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், அல்லது காரின் கணினியைப் படிக்கும் ஒரு ஓபிடி ரீடரைச் செருகி இரண்டு எண்களையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்து பாருங்கள். வொர்க்‌ஷாப்பில் பேரம் பேசும்போது அந்தப் பதிவு பெரிய துணை.

இன்னொன்று எல்லாரும் செய்வது: சாலை காலியாக இருக்கும்போது நாலாவது கியரில் 50 கி.மீ. போல ஓட்டிக்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பது. கீழ் கியரில் வண்டி சட்டென்று வேகமெடுத்துவிடும், எஞ்சினின் முழு இழுவையும் கிளட்ச் மேல் நிற்கிற நேரம் ரொம்பக் குறைவு. உயர் கியரில் அந்த இழுவை கொஞ்ச நேரமாவது அப்படியே நிற்கும், தேய்ந்த பிளேட் அப்போது தாங்காது. அதனால்தான் ஸ்லிப் முதலில் நாலிலும் ஐந்திலும் தெரிகிறது, ஒன்றிலும் இரண்டிலும் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால் நிலைமை முற்றிவிட்டது. டர்போ கார்களில் டர்போ இழுக்கத் தொடங்கும் அந்த 2,000 ஆர்பிஎம் சுற்றுவட்டாரத்தில் கவனியுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் அணைய வேண்டும், இது பழைய சோதனை. அணையவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. ஆனால் அணைந்துவிட்டது என்பதால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று ஆகாது, ஐட்லிங்கில் எஞ்சின் தருகிற இழுவையை அரைகுறைப் பிளேட்கூடத் தாங்கிவிடும். இந்தச் சோதனையில் தப்பித்த கார் மறுவாரமே பிகேஇ விரைவுச்சாலையில் கைவிடலாம். ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பிளேட் கருகுகிறது.

சரி, ஸ்லிப்தான் என்று தெரிந்துவிட்டது. அப்போதும் பிளேட்தான் தேய்ந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. கேபிள் வைத்த பழைய கார் என்றால் பெடலில் ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள், மேலே கொஞ்ச தூரம் தடையே இல்லாமல் இறங்க வேண்டும். அது இல்லாமல் கேபிள் விறைப்பாக இருந்தால் கிளட்சை நீங்கள் எப்போதும் லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டுவதற்குச் சமம், சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். ஹைட்ராலிக் கார் என்றால் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் துளை அடைத்துக்கொண்டாலோ ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போனாலோ அழுத்தம் லைனிலேயே தங்கிவிடும், பெடலை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: வழுக்கும் நேரத்தில் வண்டியை நிறுத்தி ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடரை (லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் திருகு) திறக்கச் சொல்லுங்கள், எண்ணெய் பீய்ச்சி, அதன்பின் வழுக்கல் நின்றால் குற்றவாளி ஹைட்ராலிக்தான். கால்விரிப்பு பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்து அதனாலேயே பெடல் முழுதாக மேலே வராமல் இருப்பதும் நடக்கிறது, சிரிக்காதீர்கள்.

கடைசியாகக் கீழே குனிந்து எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தைப் பாருங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் ஈரம் இருந்தால் எஞ்சினின் பின்பக்க சீலோ கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிந்து பிளேட்டை நனைத்திருக்கலாம். இந்த நிலைமையில் புது பிளேட் போட்டு சீலை விட்டுவிட்டால் புது பிளேட்டும் அதே கதிதான்.

இதெல்லாம் கழிந்து பிளேட்தான் என்று ஆனால், அடுத்த கேள்வி எவ்வளவு தூரம் மாற்றுவது. மூன்று அளவு உண்டு. பிளேட் மட்டும்; பிளேட், அதை ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த முழு கிட்; கிட்டோடு ஃபிளைவீல் (எஞ்சினோடு சுழலும் சக்கரம், பிளேட் பிடித்துக்கொள்வது அதன் முகத்தைத்தான்) வேலையும் சீலும். பிளேட் மட்டும் மாற்றுவது என்ற யோசனையே எனக்குப் புரிவதில்லை, அடுத்த சில மாதத்தில் வண்டியை ஸ்கிராப் பண்ணப்போகிறவரைத் தவிர. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி மூன்றுக்கும் ஒன்றுதான். பழைய பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கும் அதே அளவு வெப்பத்தைக் குடித்திருக்கிறது, அது தளர்ந்திருந்தால் புது பிளேட்டையும் இறுக்கிப் பிடிக்காது. ரிலீஸ் பேரிங் பிறகு கத்த ஆரம்பித்தால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுத்து அதே கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஃபிளைவீல் விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே முடிவு எடுக்க முடியாது. திறந்து பார்த்தபின் முகத்தில் நீலத் திட்டுகளோ நுண்ணிய விரிசலோ ரிவெட் கீறிய பள்ளமோ தெரிந்தால் லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும், அதற்குக் கூடுதலாக ஒரு நாள் போகலாம். டூயல் மாஸ் ஃபிளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) வைத்த கார் என்றால், அதாவது ஐரோப்பிய டர்போக்கள், டீசல்கள் பல, அதைச் சாதாரண ஃபிளைவீல் போலச் சீவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். கிட்டைவிட அதன் விலையே அதிகமாக வரலாம். ஐட்லிங்கில் கடகடவென்ற சத்தம், எஞ்சினை அணைக்கும்போது ஒரு உதறல், இவை இருந்தால் அந்தச் செலவையும் மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஸ்விஃப்ட், பழைய விஓஸ், ஃபிட் மாதிரிச் சாதாரண ஜப்பானியப் பெட்ரோல் கார்காரர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. கிட் வாங்கும்போது எக்செடி, ஐசின், வேலியோ, லுக் போன்றவற்றில் உங்கள் மாடலுக்கு உரியதைக் கேளுங்கள். எக்செடியைப் பழைய மெக்கானிக் அங்கிள்கள் இன்னும் டைக்கின் என்பார்கள், 1995 வரை அந்தக் கம்பெனியின் பெயர் அதுதான், ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். ரேஸ் கிளட்ச் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: மாலை ஆறு மணிக்கு சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் அந்தக் கனமான பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கே செய்வது என்பதற்கு வருவோம், சண்டை அதிகம் நடப்பது இங்கேதான்.

ஜேபியில் கூலி குறைவு, அதை மறுக்க முடியாது, கியர்பாக்ஸை இறக்குகிற மாதிரிக் கூலி அதிகம் பிடிக்கும் வேலையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அங்கே மேனுவல் கார்கள் நம் ஊரைவிட அதிகம் ஓடுவதால் கிளட்ச் வேலை தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வழுக்கும் கிளட்சோடு ஜேபி போவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, கடற்பாலத்தில் அடி அடியாக, கிளட்சை விட்டு மிதித்து விட்டு மிதித்து, நல்ல கிளட்சையே சோர்வடைய வைக்கும் பயணம் அது. உங்கள் பிளேட் ஏற்கெனவே கருகிக்கொண்டிருக்கிறது. நடுவழியில் பிடி விட்டுப்போனால் வண்டியை இழுத்துக்கொண்டு வரும் செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். நம் ஊர் விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்தில் உள்ள கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துவிடும், எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த வசதி கிடையாது.

இதோடு சில்லறைக் கணக்குகள் வேறு. எல்லை தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். விஇபி டேக் (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் போவதற்கான அனுமதி) இருக்க வேண்டும், 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பி, முடிந்ததும் மறுபடி போய் எடுக்க வேண்டும், ஃபிளைவீல் லேத்துக்குப் போனால் இன்னும் ஒரு நாள் தள்ளும். வாரண்டி என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் புது கிளட்ச் உதறுகிறது என்று காட்டப் போவதற்கு இன்னொரு லீவு போட வேண்டும். ஆக, ஜேபி யாருக்கு என்றால்: ஸ்லிப் இப்போதுதான், ஐந்தாவது கியரில் ஏற்றத்தில் மட்டும் தெரிகிறது, வாரநாள் காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகப் போக முடியும், அங்கே ஏற்கெனவே பழகிய ஒரு வொர்க்‌ஷாப் இருக்கிறது. மூன்றும் பொருந்தினால் போங்கள், நல்ல முடிவுதான். மூன்றாவது கியரிலேயே வழுக்குகிறது, கருகிய வாசனை காருக்குள் வருகிறது என்றால் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

அதிகாரபூர்வ ஏஜென்ட் என்றால் அசல் பாகம், ஒழுங்கான பில், தெளிவான வாரண்டி. போகக்கூடிய மூன்று இடங்களில் விலை அதிகம் இங்கேதான். கார் இன்னும் வாரண்டிக்குள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், முதலில் அங்கேதான் போக வேண்டும், கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள் என்று கை விரிப்பார்கள், ஆனால் சீல் கசிந்து பிளேட் நனைந்திருந்தால் வாதாட இடம் இருக்கிறது. டூயல் மாஸ் ஃபிளைவீல் உள்ள கார்களுக்கும் அவர்களிடம் ஒரு விலை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பத்து வயது விஓஸை அங்கே கொண்டுபோவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மிச்சம் இருப்பது சின் மிங், காக்கி புக்கிட், ஊபி, அங் மோ கியோ பக்கத்து சின்ன வொர்க்‌ஷாப்கள். பெரும்பாலான மேனுவல் கார்களுக்கு என் ஓட்டு இவர்களுக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. வாசலில் என்ன வண்டி நிற்கிறது என்று பாருங்கள். வழவழப்பான ஆட்டோ கார்களாக நிற்கும் கடையைவிட, டெலிவரி வேன்களும் சின்ன லாரிகளும் நிற்கும் கடையை நான் தேர்ந்தெடுப்பேன். இந்த ஊரில் இன்னும் கிளட்ச் தேய்ப்பது அந்த வண்டிகள்தான், அதை மாதாமாதம் இறக்கி ஏற்றும் அங்கிளுக்கு உங்கள் ஸ்விஃப்ட் ஒரு பொருட்டே இல்லை. வழியில் நின்றாலும் இழுத்துக்கொண்டு போகும் தூரம் குறைவு, வேலைக்கு நடுவே போய் எட்டிப் பார்க்கலாம், கழற்றியதை நேரில் காட்டச் சொல்லலாம். விலையை இரண்டு கடையில் கேளுங்கள், கேட்கும்போது "கிளட்ச் எவ்வளவு" என்று கேட்காமல் கிட் எந்த பிராண்ட், ஃபிளைவீல் சீவுவது சேர்ந்ததா தனியா, பின் சீல், கியர் ஆயில் சேர்ந்ததா என்று பிரித்துக் கேளுங்கள். மலிவாகத் தெரிந்த கடை கடைசியில் மலிவாக இருக்காது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது சிஓஇ கணக்கு. இதை மற்ற நாட்டுக்காரர்கள் போடத் தேவையில்லை, நமக்கு இதுதான் முதல் கணக்கு. 2023-லேயே ஏ பிரிவு (சின்ன கார்கள்) சிஓஇ-யே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. ஒரு லட்சத்தைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 833 வெள்ளி, வண்டி ஓடினாலும் சும்மா நின்றாலும். அந்த நிலையில் கிளட்சுக்குச் செலவு செய்வதா என்று இரண்டு மாதம் யோசித்துக்கொண்டு காரை புளோக் கீழே நிறுத்தி வைப்பதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த முடிவு. உங்கள் சிஓஇ மலிவான காலத்தில் எடுத்ததாக இருந்தால் இந்த அழுத்தம் குறைவு, உங்கள் எண்ணை நீங்களே பிரித்துப் பாருங்கள்.

சிஓஇ-யில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் முழு கிட் போட்டுவிடுங்கள், மேற்கொண்டு பேச்சில்லை. மூன்று நான்கு மாதம்தான் இருக்கிறது, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை, ஸ்லிப்பும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் மெதுவாக ஓட்டிக் கடத்திவிடலாம்: உயர் கியரில் முழுக்க மிதிக்காமல், ஒரு கியர் குறைத்தே வைத்து, பலமாடி கார் பார்க்கின் ஏற்றத்தில் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்தி. முற்றிய ஸ்லிப் என்றால் முன்கூட்டியே பதிவை ரத்து செய்வதையும் கணக்கில் எடுங்கள், மீதி நாட்களுக்கான சிஓஇ பணம் திரும்பி வரும், பத்து வருடத்துக்குள் என்றால் பார்ஃப் தொகையும் (கார் வாங்கும்போது கட்டிய பதிவுக் கட்டணத்தில் திரும்பி வரும் பங்கு) உண்டு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இடைப்பட்ட ஆறு, எட்டு மாதக்காரர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். நான் என்றால் புதுப்பிக்கப் போகிறேனா என்பதை முதலில் முடிவு செய்வேன், கிளட்சை அல்ல. புதுப்பித்தால் பார்ஃப் போய்விடும், பத்து வயதுக்கு மேல் சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடுவரை கூடுதல், வருடா வருடம் சோதனை. இத்தனைக்கும் தயார் என்பவர் கிளட்சுக்குத் தயங்கத் தேவையில்லை. ஐந்து வருடத்துக்கு மட்டும் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழுக்கும் கிளட்சோடு விற்றுவிடலாமா என்றால், மேனுவல் ஓட்ட 3 வகுப்பு உரிமம் வேண்டும், ஆட்டோ மட்டுமே ஓட்ட முடிகிற 3ஏ வைத்திருப்பவர்கள் வாங்க மாட்டார்கள், ஏற்கெனவே வாங்குபவர் குறைவு. இருப்பவர்களும் மேனுவல் பிரியர்கள், நாலாவது கியரில் ஒரு மிதி மிதித்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள், கிளட்ச் விலையைவிட அதிகமாகவே குறைத்துக் கேட்பார்கள். நீங்கள் அண்மையில்தான் டீலரிடம் பழைய கார் வாங்கி உடனே வழுக்கினால் கதை வேறு. 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தருவது) பழைய கார்களுக்கும் பொருந்தும், ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். சாதாரணத் தேய்மானம் அதில் வராது, தனியாரிடம் நேரடியாக வாங்கியதற்கும் செல்லாது.

வேலை முடிந்ததும் பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைகள் கிட்டத்தட்ட மேற்பரப்புக்கே வந்திருந்தால் தேய்மானம் உண்மை, டொயோட்டா மாதிரி கம்பெனிகள் 0.3 மி.மீ. ஆழத்துக்குக் கீழே போனால் மாற்றச் சொல்கின்றன. தடிமன் நிறைய இருந்தும் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது ஓட்டும் பழக்கத்தாலோ ஃப்ரீ பிளே இல்லாததாலோ வந்த வினை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் மாற்றினார்களா என்று பில்லில் தேடுங்கள். அப்புறம் முதல் சில நூறு கிலோமீட்டர் சாதாரண நகர ஓட்டமாக இருக்கட்டும், முழு மிதி வேண்டாம், புது கிளட்சைக் கொண்டாட அந்த வாரமே குடும்பத்தோடு கடற்பாலத்தில் போய் நிற்கவும் வேண்டாம்.